பழைய கார் திரைக்குள் புது போன்

என் மச்சான் ஒரு ஜெர்மன் செடான் வாங்கினார். செகண்ட் ஹேண்ட் வண்டி, 2013 மாடல். எஞ்சின் அருமை, சீட் அருமை, கதவைச் சாத்தினால் வரும் அந்த 'தொம்' சத்தம்கூட அருமை. டேஷ்போர்டின் நடுவில் அகலமான ஒரு திரை. அதில் ரேடியோ வரும், வண்டியின் செட்டிங்ஸ் வரும், ரிவர்ஸ் போட்டால் கேமரா வரும். மேப்பும் உண்டு. ஆனால் அந்த மேப் வண்டி பிறந்த வருடத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் கட்டிய மேம்பாலங்களில் ஏறும்போதெல்லாம், திரையில் எங்கள் வண்டி ரோடே இல்லாத பச்சை நிலத்தின் நடுவே நகர்ந்துகொண்டிருக்கும்.

அதனால் கண்ணாடியில் ஒட்டும் ஹோல்டர் ஒன்றை வாங்கிப் போனை அதில் மாட்டிக்கொண்டார். சித்திரை வெயிலில் அந்த ரப்பர் கப் இளகி, திண்டிவனம் தாண்டும்போது போனோடு சேர்ந்து கழன்று அவர் காலடியில், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் நெருங்கி வரவில்லை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "இவ்வளவு பெரிய திரை சும்மாதானே இருக்கு, போனை இதுக்குள்ளயே கொண்டுவர முடியாதா?"

முடியும். ஐபோனுக்கு ஆப்பிளின் கார்பிளே, ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்ற வசதிகள் இதற்காகவே இருக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதில் எது உங்கள் வண்டிக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதை நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் அந்தப் புரிதல் இல்லாததால்தான்.

மூளை போனில், திரை காரில்

தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு வெள்ளைத் துணி. ராமனும் அனுமனும் அதில் ஆடுவார்கள். ஆனால் துணிக்கு ராமனையும் தெரியாது, அனுமனையும் தெரியாது. பாவை, விளக்கு, பாட்டு, கூத்தாடும் கை எல்லாமே துணிக்குப் பின்னால். கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இதே கதைதான். மேப்பை வரைவது போன், பாட்டை இழுத்துவருவது போன், 'அடுத்த லெஃப்ட் எடுங்கள்' என்று சொல்வதும் போன். போன் தன் வேலையை முடித்து, அந்தப் படத்தை வீடியோவாகச் சுருக்கி, கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ காருக்கு அனுப்புகிறது. கார் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கூத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே துணியைத் தொட்டால் பாவை நகரும். திரையில் நீங்கள் விரல் வைத்த இடம் எது என்ற தகவல் திரும்பிப் போனுக்குப் போகிறது. போன் அதற்கேற்ப அடுத்த படத்தை அனுப்புகிறது. போக ஒரு வழி, வர ஒரு வழி.

இதனால்தான் பத்து வருடப் பழைய வண்டிக்கும் புது மேப் வந்துவிடுகிறது. வண்டியின் கம்ப்யூட்டர் எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் கவலையில்லை, அதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. போனை மாற்றினால் காரும் சேர்ந்து புதிதாகிவிடுகிறது. காரையே விற்காமல் இருக்க இது நல்ல காரணம் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஆப்பிள் இந்த எண்ணத்தை 2013-ல் அறிவித்தது. 2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் கார்பிளே என்ற பெயரில் வந்தது. கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை 2014 ஜூனில் அறிவித்து 2015-ல் வெளியிட்டது. அதை முதலில் தொழிற்சாலையிலிருந்தே கொண்டுவந்த கார் ஹூண்டாய் சொனாட்டா. ஆனால் ஒரு காரின் மின்னணுப் பாகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் கார் விற்பனைக்கு வரும் முன்பே, சில வருடங்களுக்கு முன்னால் முடிவு செய்துவிடுவார்கள். அதனால் 2017, 2018 மாடல் வண்டிகள் சிலவற்றில்கூட பெரிய திரை இருக்கும், கார்பிளே இருக்காது. அந்த இடைக்காலத்தில் மிரர்லிங்க் என்று இன்னொன்றைப் பல கம்பெனிகள் கொடுத்தன. இன்றைய போன்களில் அதற்கு ஆதரவு இல்லை. உங்கள் காரில் அந்தப் பட்டன் இருந்தால் அதை நம்பி எதுவும் திட்டமிட வேண்டாம்.

படம், ஒலி, கட்டளை

இனிமேல் சொல்வதெல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான். போனை ஒரு காரின் திரைக்குக் கொண்டுவர வேண்டுமானால் மூன்று விஷயம் கடந்து வர வேண்டும். படம் போனிலிருந்து திரைக்கு வர வேண்டும். ஒலி போனிலிருந்து ஸ்பீக்கருக்கு வர வேண்டும். கட்டளை, அதாவது நீங்கள் தொடுவதும் திருகுவதும் பேசுவதும், போனுக்குப் போக வேண்டும். கடையில் கேட்க வேண்டியதும் இந்த மூன்றுதான்: என் வண்டியில் படம் எந்த வழியாக வரும், ஒலி எந்த வழியாக வரும், கட்டளை எந்த வழியாகப் போகும்? தொழில் தெரிந்தவர் இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார்.

முதலில் படம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் காரின் திரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இரண்டு வகை. ஒரு வகையில் திரையும் ஸ்டீரியோவும் ஒரே பெட்டி. கழற்றினால் திரை முன்னால், சர்க்யூட் போர்டு பின்னால், பின்புறம் வயர் சொருகும் கப்ளர்கள் என்று மொத்தமாகக் கையில் வரும். நம் ஊரில் ஓடும் சாதாரண விலைக் கார்களில் பெரும்பாலும் இதுதான். இன்னொரு வகையில் திரை தனி, ஹெட் யூனிட் என்கிற தலைமைப் பெட்டி தனி. பெட்டி ஏசி ஓட்டைக்குக் கீழேயோ கிளவ் பாக்ஸுக்குள்ளேயோ இருக்கும். திரைக்கும் பெட்டிக்கும் இடையே எல்விடிஎஸ் என்று சொல்லும் வீடியோ கேபிள் ஓடும். ஜெர்மன் கார்களில் இந்த அமைப்புதான் பரவலாக உண்டு.

இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. திரை தனியாக இருந்தால், நடுவில் ஓடும் கேபிளில் நாம் ஒரு சின்னப் பெட்டியை நுழைக்கலாம். கடைகளில் இதை இன்டர்ஃபேஸ் பாக்ஸ் அல்லது கார்பிளே பாக்ஸ் என்பார்கள். ஹெட் யூனிட்டின் படம் இந்தப் பெட்டிக்குள் வரும், போனின் படமும் இதற்குள் வரும், இரண்டில் ஒன்றை மட்டும் பெட்டி திரைக்கு அனுப்பும். வயலில் மடை மாற்றிவிடுவது போலத்தான். இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, எந்த மடையைத் திறக்கிறோமோ அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. ரிவர்ஸ் கியர் போட்டதும் பெட்டி தானாக மடையை மாற்றி, கம்பெனி கேமராவின் படத்தைத் திரைக்கு விட்டுவிட வேண்டும். கியரை எடுத்ததும் மறுபடி மேப் வர வேண்டும். திரையும் ஸ்டீரியோவும் ஒரே பெட்டியாக இருந்தால் இப்படி நுழைக்க வசதியான இடம் கிடையாது. பெரும்பாலும் முழுதாகக் கழற்றி வேறு ஒன்றை வைப்பதுதான் வழி.

அடுத்து ஒலி. இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். படத்துக்கு மடை மாற்றியது போல ஒலிக்கு மாற்ற முடியாது, ஏனென்றால் ஸ்பீக்கர்கள் இன்னமும் பழைய ஹெட் யூனிட்டின் கையில்தான் இருக்கின்றன. அதனால் இன்டர்ஃபேஸ் பாக்ஸ் பெரும்பாலும் ஆக்ஸ் வழியாகத் தன் ஒலியைக் கொடுக்கும். அந்தக் காலத்தில் எம்பி3 பிளேயரைச் சொருகினோமே, அதே ஆக்ஸ். பழைய ஹெட் யூனிட்டுக்கு கார்பிளே என்றால் என்னவென்று தெரியாது, யாரோ ஆக்ஸில் பாட்டுப் போடுகிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளும்.

பிஎம்டபிள்யூ, மெர்சிடீஸ், ஆடி ஆகியவற்றின் பல மாடல்களில் ஹெட் யூனிட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே செம்பு வயர் கிடையாது, மோஸ்ட் என்கிற ஒளியிழை இணைப்பு ஓடும். அது ஒரு வளையம். ஒளி ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுச் சுற்றி வரும். அந்த இழையை விரலை மடக்குவது போல மடக்கினால் உள்ளே ஒளி போகாது. வளையம் ஓரிடத்தில் அறுந்தால் மொத்த ஒலியும் போய்விடும். எனவே இந்த வண்டிகளில் வேலை செய்கிறவருக்கு முன் அனுபவம் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அவசியம்.

கடைசியாகக் கட்டளை. காரின் பட்டன்களுக்கும், திரையை இயக்கத் திருப்பும் குமிழான திருகுக்கும் தனித்தனியாக வயர் இழுத்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இழுத்தால் கார் முழுக்க வயர்க் கட்டாகத்தான் இருக்கும். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்ற முறை வந்தபின், முறுக்கிய இரண்டே வயரில் வண்டியின் மின்னணுப் பெட்டிகள் எல்லாம் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. ரிவர்ஸ் கியர் விழுந்தது, வால்யூமைக் கூட்டினார்கள், கதவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றும் ஒரு சின்னச் செய்தி. நம் பெட்டி அந்த இரண்டு வயரில் காதை வைத்துக் கேட்கிறது. திருகை வலப்பக்கம் திருப்பினால் வரும் செய்தியைப் பிடித்து, அதைக் கார்பிளேவுக்குப் புரியும்படி போனுக்குச் சொல்கிறது. உங்கள் மாடலின் பாஷை பெட்டிக்குத் தெரியவில்லை என்றால் படம் அழகாக வரும், திருகு மட்டும் செத்துக் கிடக்கும்.

தொடுதிரை இல்லாத வண்டியிலும் கார்பிளே ஓடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓடும். திருகைத் திருப்பினால் எந்த ஐகானில் நிற்கிறோம் என்று திரையில் தெரியும், அமுக்கினால் திறக்கும். ஆண்ட்ராய்டு ஆட்டோவும் அப்படியே. பழகிவிட்டால் ஓட்டும்போது தொடுதிரையைவிடத் திருகுதான் வசதி என்பது என் அனுபவம். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது விரல் தவறான இடத்தில் படும், திருகு அப்படி ஏமாற்றாது.

ஒன்றும் வாங்குவதற்கு முன்னால்

உங்கள் வண்டிக்குள் இது ஏற்கனவே தூங்கிக்கொண்டிருக்கலாம். சில கார்களில் தேவையான பாகங்கள் எல்லாம் இருக்கும், மென்பொருளில் மட்டும் பூட்டி வைத்திருப்பார்கள். ஃபோக்ஸ்வாகனில் ஆப்-கனெக்ட், ஸ்கோடாவில் ஸ்மார்ட்லிங்க் என்ற பெயரில் பல யூனிட்டுகளில் இப்படித் திறக்க முடியும். பிஎம்டபிள்யூவில் என்பிடி இவோ என்கிற ஹெட் யூனிட்டின் பிந்தைய வடிவங்களில் கார்பிளேயைத் திறக்கலாம். இதே பிஎம்டபிள்யூ ஒரு காலத்தில் அமெரிக்காவில் கார்பிளேவுக்கு வருடத்துக்கு 80 டாலர் சந்தா வாங்கியது, 2019 டிசம்பரில் கைவிட்டது. ஆண்ட்ராய்டு ஆட்டோ அந்தக் கம்பெனி வண்டிகளுக்கு 2020-ல்தான் வந்தது, அதுவும் புதிய ஹெட் யூனிட்டுக்கு மட்டும். ஆக, ஐபோன்காரருக்குக் கிடைக்கும் எளிய வழி ஆண்ட்ராய்டுகாரருக்குக் கிடைக்காமல் போகலாம். கடையில் பேசும்போது எந்தப் போன் வைத்திருக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கம்பெனியே முன்வந்து செய்த நல்ல உதாரணமும் உண்டு. மஸ்தா நிறுவனம் 2018-ல் அமெரிக்காவில், 2014 முதல் வந்த தன் மஸ்தா கனெக்ட் வண்டிகளுக்கு 199 டாலர் விலையில் ஒரு கிட் கொடுத்தது, பொருத்தும் கூலி தனி. யுஎஸ்பி சொருகும் பாகத்தையும் கேபிளையும் மாற்றி மென்பொருளை ஏற்றினார்கள், அதே திரையில் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்துவிட்டன. எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. எதற்கும் ஒருமுறை சர்வீஸ் சென்டரில் உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் தீப்பெட்டி அளவில் 'வயர்லெஸ் கார்பிளே அடாப்டர்' விற்கிறார்கள். காரின் யுஎஸ்பியில் சொருகினால் போதும் என்று படம் போட்டிருக்கும். அது வயர் வழியாக ஏற்கனவே கார்பிளே வரும் வண்டியை வயர் இல்லாமல் வரவைக்கும் பொருள். உங்கள் காரில் கார்பிளேயே இல்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. என் மச்சானும் முதலில் இதைத்தான் ஆர்டர் செய்ய இருந்தார்.

ஜிபி ரோட்டில் ஒரு காலைப் பொழுது

சென்னையில் கார் ஆக்ஸஸரி என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான், எல்லோரும் ஜிபி ரோடு என்பார்கள். மச்சானும் நானும் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனோம். எங்களுக்குக் கிடைத்த டெக்னீஷியன் இளைஞர். இன்டர்ஃபேஸ் பெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஹெட் யூனிட்டைக் கழற்றி, பின்பக்கக் கப்ளரைப் போட்டோ எடுத்தார்.

"ஒரே மாடல், ஒரே வருஷம்னாலும் உள்ள வேற யூனிட் இருக்கும் சார். பின் எண்ணிப் பாத்துட்டுதான் பாக்ஸ் எடுப்பேன்."

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எத்தனை இன்ச் திரை, எந்தத் தலைமுறை ஹெட் யூனிட் என்பதைப் பொறுத்து வீடியோ கப்ளரில் உள்ள பின்களின் எண்ணிக்கையே மாறும். மாடல் பெயரை மட்டும் சொல்லிப் பெட்டி வாங்கினால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

யூனிட்டைக் கழற்றிய விதத்தையும் சொல்ல வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். டேஷ்போர்டில் உள்ள மர அலங்காரப் பட்டையின் ஓரமாக மாஸ்கிங் டேப் ஒட்டினார், கீறல் விழாமல் இருக்க. பிளாஸ்டிக் நெம்பியால் மெல்ல நெம்ப, க்ளிப்புகள் 'டப் டப்' என்று விட்டுக்கொடுத்தன. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்புகிறவரிடம் உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஹெட் யூனிட்டின் பெரிய கப்ளரைப் பிடுங்கி, இடையில் பாக்ஸோடு வந்த ஹார்னஸ் என்ற வயர்த் தொகுப்பைச் சொருகினார். ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண், நடுவில் பெட்டிக்குக் கிளை. கரன்ட், கேன் பஸ் இரண்டும் அந்த ஒரே கிளையில் போய்விடுகின்றன. ஒரு வயரைக்கூட அவர் அறுக்கவில்லை. பிறகு எல்விடிஎஸ் கேபிள், ஆக்ஸ், யுஎஸ்பி, மைக். பெட்டியைப் பஞ்சுத் துணியில் சுற்றி, ஆடாமல் இருக்க கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கட்டினார்.

மூடுவதற்கு முன்னால் ஆன் செய்து பார்த்தபோது படம் வந்தது, ஆனால் வலது ஓரம் வெட்டுப்பட்டு, நிறம் சற்றுப் பச்சை பூத்திருந்தது. மச்சான் முகம் வாடிவிட்டது. டெக்னீஷியன் பதறவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் அரிசி அளவில் எட்டுச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. எந்தத் திரை, எந்த யூனிட் என்று பெட்டிக்குச் சொல்வது அந்த சுவிட்சுகள்தான். ஊசி முனையால் மூன்றாவதைக் கீழே தள்ளிவிட்டு, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டார். படம் திரைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ரிவர்ஸ் போட்டார், கேமரா வந்தது. எடுத்தார், மேப் வந்தது. இரண்டு மூன்று முறை இதையே திரும்பத் திரும்பச் செய்தார். ஏசி, ஸ்டீரிங் பட்டன், பார்க்கிங் சென்சார், ஹாரன் என்று வரிசையாகச் சோதித்த பிறகுதான் மூடினார். சுமார் மூன்று மணி நேரம் ஆனது. நீங்களும் மூடுவதற்கு முன் பக்கத்தில் இருந்து இவற்றைப் பாருங்கள். மூடிய பின் கண்டுபிடித்தால் மறுபடி அத்தனை க்ளிப்பையும் நெம்ப வேண்டும்.

பொருத்திய பிறகு வரும் சந்தேகங்கள்

நான்காம் நாள் மச்சானிடமிருந்து போன். "படம் வருது மாப்ள, பாட்டு வரலை. பாக்ஸ் போயிடுச்சு போல." பாக்ஸ் போகவில்லை. அவர் மகள் முந்தின நாள் எஃப்எம் கேட்டிருக்கிறாள். ஒலி ஆக்ஸ் வழியாக வருகிறது என்று மேலே சொன்னேனே, ஹெட் யூனிட் எஃப்எம்மில் நின்றால் ஆக்ஸ் எப்படிக் கேட்கும்? மெனு பட்டனை அழுத்திப் பிடித்துப் பழைய திரைக்குப் போய், ஆக்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறுபடி அழுத்திப் பிடித்துக் கார்பிளேவுக்கு வரச் சொன்னேன். பாட்டு வந்துவிட்டது. படமும் ஒலியும் இரண்டு தனி வழி என்பது மனதில் பதிந்துவிட்டால் இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பகுதியை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள்.

இரண்டாவது, ப்ளூடூத். கம்பெனி ஹெட் யூனிட்டிலும் ப்ளூடூத் உண்டு, புதுப் பெட்டியிலும் உண்டு. போன் இரண்டோடும் சேர்ந்திருந்தால் அழைப்பு வரும்போது யார் எடுப்பது என்று இரண்டுக்கும் இழுபறி. பழைய யூனிட்டிலிருந்து உங்கள் போனை அழித்துவிடுங்கள். வயர் இல்லாத இணைப்பில் ப்ளூடூத்தின் முக்கிய வேலை அறிமுகம் செய்துவைப்பதுதான். வீடியோ முழுவதும் வைஃபையில் ஓடும், ப்ளூடூத்துக்கு அவ்வளவு வேகம் கிடையாது. அதனால் போனில் வைஃபையை அணைத்து வைத்தால் கார்பிளே வராது.

வயர் இணைப்பு என்றால் கேபிளைக் கவனியுங்கள். சாதாரண யுஎஸ்பி கேபிளில் கரன்டுக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு என நான்கு வயர் இருக்க வேண்டும். சில மலிவுக் கேபிள்களில் கரன்ட் வயர் மட்டும்தான். சார்ஜ் ஏறும், கார்பிளே வராது. வேறு எதையும் சந்தேகப்படுவதற்கு முன் நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு வயர் நல்லதா, வயர்லெஸ் நல்லதா? நான் வயர் பக்கம். வயர்லெஸ்ஸில் போன் வைஃபையில் வீடியோ அனுப்பிக்கொண்டே ஜிபிஎஸ்ஸும் பார்த்து, கூடவே சார்ஜும் ஏறினால் சீக்கிரம் கொதித்துவிடும். மே மாதம் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் சூடு அதிகம் என்று சொல்லி நின்றே போகும். பக்கத்துத் தெருவுக்குப் போக வயர்லெஸ் சுகம், மதுரை வரை போக வயர். போனை ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள்.

பேட்டரி விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களை ரோட்டில் நிறுத்தக்கூடியது. வண்டியைப் பூட்டிய சிறிது நேரத்தில் காரின் பெட்டிகள் எல்லாம் தூங்கப் போக வேண்டும். அந்த நிலையில் மொத்த வண்டியும் 50 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பது ஆரோக்கியம். புதுப் பெட்டி தூங்காமல் விழித்திருந்து, 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர். 45 ஆம்பியர் அவர் பேட்டரியில் மூன்றே நாளில் கிட்டத்தட்ட பாதி காலி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகாது. எனவே பொருத்திய பிறகு வண்டியைப் பூட்டி, அரை மணி கழித்து மீட்டர் வைத்துக் கரன்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்ல டெக்னீஷியன் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

திரையை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

ஒரே பெட்டி வகைக் காராக இருந்தால் ஸ்டீரியோவையே மாற்றுவது வழி. ஸ்டீரியோ உட்காரும் துளைக்கு ஜெர்மன் தரநிலையின் பெயரில் டின் என்று அளவு சொல்வார்கள். ஒரு டின் என்றால் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் என்றால் உயரம் 100. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அகலம் 200. இடைவெளி தெரியாமல் இருக்க உங்கள் மாடலுக்கான ஃபிரேம் வேண்டும், வயர் அறுக்காமல் இருக்க அந்த மாடலின் கப்ளர் வேண்டும், ஸ்டீரிங் பட்டன் வேலை செய்ய பல வண்டிகளில் கேன் பஸ் டீகோடர் வேண்டும். இந்த மூன்றும் சேர்த்துத்தான் விலையா என்று கேளுங்கள்.

கூடவே, பழைய திரையில் வண்டியின் செட்டிங்ஸ் எதுவும் இருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி, கதவுப் பூட்டு, லைட் அணையும் நேரம் போன்றவை அந்தத் திரையில்தான் மாற்ற முடியும் என்றால், திரை போனால் அவையும் போகும். அப்படிப்பட்ட வண்டிகளில் கம்பெனித் திரையைக் காப்பாற்றுவது செலவு அதிகமானாலும் சரி என்பது என் கட்சி.

'ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ' என்பதும் 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' என்பதும் வேறு வேறு. முதலாவது, டேப்லெட் ஒன்றை டேஷ்போர்டில் பதித்தது போன்றது. மூளை அதற்குள்ளேயே இருக்கும், மேப் ஓட அதற்குத் தனியாக இன்டர்நெட் கொடுக்க வேண்டும். இரண்டாவது, இதுவரை நாம் பேசிய துணியும் பாவையும். சில ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் தனி ஆப் மூலம் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வரும், சிலவற்றில் வராது. வாங்கும் முன் உங்கள் போனையே சொருகிக் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டும்போது

இந்தியாவில் 2020 அக்டோபர் முதல் உள்ள மோட்டார் வாகன விதிப்படி, ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம். கையில் வைத்துப் பேசினால் அபராதம் உண்டு. கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஓடும் வண்டியில் வீடியோ காட்டாததும், எழுத்துகளைப் பெரிதாகக் காட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். சில பெட்டிகளில் அந்தத் தடையை நீக்கி, ஓடும்போதே சினிமா பார்க்கலாம் என்று விற்கிறார்கள். டிரைவருக்கு முன்னால் ஓடும் திரையில் அதைச் செய்து கொடுக்கச் சொல்லாதீர்கள், கடைக்காரர் இலவசமாகச் செய்கிறேன் என்றாலும்.

இன்னும் இரண்டு காரியம் செய்யுங்கள். கழற்றிய கம்பெனி பாகம் ஏதாவது இருந்தால், ஒரு சின்ன பிராக்கெட்டாக இருந்தாலும், பையில் போட்டு வீட்டில் வையுங்கள். வண்டியை விற்கும்போது கேட்பார்கள். அப்புறம், டேஷ்போர்டை மூடுவதற்கு முன் பெட்டியின் அந்த எட்டுச் சுவிட்சுகள் எது மேலே, எது கீழே என்று தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு மெக்கானிக் அதைத் திறக்க நேர்ந்தால் அவருக்கு அந்தப் படம் ஒன்றே போதும். மச்சான் அதை ஆர்சி புத்தகத்தின் படம் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்திருக்கிறார்.